ஒரு குடம் நெட்டுக்குப்பம்

ராயபுரத்துக்கு வடக்கே காப்பி என்று ஒரு பானம் கிடையாது. இருப்பதாகச் சொல்லப்படுவதெல்லாம் வதந்தி. இதைப் பகலவன் தீர விசாரித்து, திருவொற்றியூர் தேரடிப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி உலகத்துக்கு அறிவித்திருந்தான். துறைமுக வாசலில் வரிசை கட்டி நிற்கிற கண்டெய்னர் லாரிக்காரர்கள் குடிப்பது டீ. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்கள் குடிப்பது டீ. நைட் ஷிப்டு முடிந்து கண் எரிய வெளியே வருகிறவர்கள் குடிப்பதும் டீதான். ஆகவே காப்பி என்பது ஊரின் தெற்குப் பக்கத்து ஜனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. எம்.எஸ்ஸி. வேதியியல் முதலாமாண்டு படிக்கிற பையன் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று டீக்கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். டீக்கடைக்காரர் வேறு என்ன சொல்வார்.

இந்த அறிவிப்பு ஜெயவேலுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. ஜெயவேல் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருப்பவன். பகலவனோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சு. வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் நீலா, நாகப்பட்டினத்துப் பக்கம். அவள் பிறந்து வளர்ந்தது ஒரு காப்பிக்கொட்டை அரைக்கிற கடைக்குப் பின்வீடு. சீரில் பித்தளை ஃபில்டர் ஒன்று வந்திருந்தது. வந்த பத்து நாளைக்கு அவளே தினம் காப்பி போட்டாள். ஒரு வாய் குடிப்பாள், டம்ளரைக் கீழே வைப்பாள், "நல்லாத்தான் இருக்கு" என்பாள். பிறகு ஜெயவேல் போட்டுக் கொடுத்தான். ஒரு வாய், டம்ளர் கீழே, "நல்லாத்தான் இருக்கு." இப்போது அந்த ஃபில்டரில் ஊசியும் நூல்கண்டும் இருந்தன. தினம் சாயங்காலம் அவளுக்குத் தலைவலி வந்தது. கேட்டால், "ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்ல, அங்க குடிச்சுக்கறேன்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம்தான் ஜெயவேலைத் தூங்கவிடவில்லை.

"ஆடி பொறக்க ரெண்டு வாரம்கூட இல்ல மாமு. அங்க போயி அந்தக் காப்பிய அவ குடிச்சாள்னா, ஆவணி பொறந்து இந்தப் பக்கம் திரும்புவாளா, இன்னாத்துக்கு அந்தக் கலீஜ் ஊருக்குன்னு அங்கியே குந்திக்குவாளா, ஒண்ணியும் புரியல. போறதுக்குள்ள ஒரே ஒரு டம்ளரு. அடி வரைக்கும் குடிச்சுட்டுக் கீழ வெக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும்."

"டீ குடு."

"டீ குடிக்க மாட்டா."

பகலவனுக்கு இது நோயின் கடைசிக் கட்டமாகத் தெரிந்தது.

வழி காட்டியவர் அத்தாவுல்லா பாய். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயவேலிடம் வஞ்சிரம் வாங்குகிறவர். ராயபுரத்தில் வீட்டிலேயே கொட்டை வறுத்து, அரைத்து, காப்பி போடுகிறவர்கள் சிலரோடு தானும் வாராவாரம் கூடுவதாகவும், புதுசாக யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வதாகவும், வருகிறவர் ஒரு குடம் தண்ணி மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றும் அவர் சொன்னார்.

"தண்ணியா?" என்றான் பகலவன்.

"தண்ணிதான்," என்றான் ஜெயவேல்.

"ராயபுரத்துல தண்ணி இல்லியா?"

"அவுங்கவுங்க வூட்டுல பொழங்குற தண்ணிய எத்துகினு வரணுமாம். நம்ம வூட்டுத் தண்ணிக்கு ஏத்த மாரி பொடி கலந்து குடுப்பாங்களாம்."

பகலவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வகுப்பெடுத்தான். தண்ணி என்பது ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன். இதில் ராயபுரம் ஹைட்ரஜன், எண்ணூர் ஹைட்ரஜன் என்று தனித்தனியாக இல்லை. எங்கே பிடித்தாலும் தண்ணி தண்ணிதான். தண்ணியைக் குடத்தில் சுமந்துகொண்டு ஜோசியம் பார்க்கப் போகிறவர்களைப் பற்றி அவன் இன்னும் சில வார்த்தைகள் சொன்னான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கூடப் போனான். வேடிக்கை ஓசியில் கிடைக்கும்போது விடுவது அறிவியல் மனப்பான்மை ஆகாது.

அந்த வருஷம் 2003. சென்னையே குடத்தை வைத்துக்கொண்டு தெருவில் நின்றது. நெட்டுக்குப்பத்தில் லாரி வந்த நாளில் லாரித் தண்ணி, வராத நாளில் கைப்பம்புத் தண்ணி, இரண்டும் ஒரே நீல டிரம்மில். அந்த டிரம்மிலிருந்து மொண்ட ஒரு பச்சைக் குடம் எண்ணூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறியது. வாயில் தட்டு, தட்டின் மேல் துண்டு, துண்டுக்கு மேல் முடிச்சு. குடத்தைப் பகலவனின் காலடியில் வைத்துவிட்டு ஜெயவேல் கதவோரம் காற்று வாங்கப் போனான்.

கொருக்குப்பேட்டை தாண்டியதும் ரயில் திடீரென்று நின்றது. குடம் நிற்கவில்லை. அது நிதானமாகப் படுத்து, முடிச்சை அவிழ்த்து, எதிர் சீட்டுப் பெண்களின் கால்களுக்கு அடியில் நெட்டுக்குப்பத்தைப் பரப்பியது.

"டேய், எவன்டா அவன், ரயில்ல வாசல் தெளிக்கிறவன்?" என்றாள் கூடைக்கார அம்மா ஒருத்தி.

நிமிர்த்தியபோது குடத்தில் கால்வாசி மிஞ்சியிருந்தது. ராயபுரத்தில் இறங்கியதும், வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஜெயவேல் பிஸ்கெட் வாங்கப் போனான். அந்த நேரத்தில் பகலவன் பிளாட்பாரக் குழாயைத் திறந்தான். அதிசயமாக அதில் தண்ணி வந்தது. குடம் நிறைந்தது. முடிச்சு பழையபடி விழுந்தது. ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன். அறிவியல்படி அங்கே எதுவுமே நடக்கவில்லை.

வீடு மாதா கோயிலுக்குப் பின்சந்தில், மாடியில். கதவு திறந்தே இருந்தது. உள்ளே அத்தாவுல்லா பாயோடு சேர்த்து மூன்று பேர் சுவரோரம் நாற்காலியில், தலை குனிந்து, பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. நடுவில் ஒரு மேசை, அதன் மேல் வெள்ளைத் துணி போர்த்தி ஏதோ வைத்திருந்தது. ஜெயவேல் செருப்பைக் கழற்றிவிட்டுப் பகலவனைப் பார்த்தான். பகலவன் கைகளைக் கட்டிக்கொண்டான். இழவு வீட்டில் பிஸ்கெட்டை எங்கே ஒளிப்பது என்று ஜெயவேலுக்குத் தெரியவில்லை. முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டான்.

பகலவன் பக்கத்தில் இருந்த வழுக்கைத் தலைக்காரரிடம் குனிந்து, "எப்ப சார் ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இப்பத்தான். கால் மணி இருக்கும்," என்றார் அவரும் மெதுவாக.

"சொல்லியனுப்ப வேண்டியவங்களுக்கெல்லாம்..."

"எதுக்கு? நாலு டம்ளர்தான் தேறும்."

அப்போது வயதான அம்மா ஒருவர் எழுந்துபோய்த் துணியை விலக்கினார். கீழே நான்கு ஃபில்டர்கள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து அதன் பக்கத்தில் காதை வைத்தார். மூன்றாவதில் நெற்றி சுருங்கியது. ஒரு விரலை உயர்த்தினார். கொட்டாவி விடப்போன அத்தாவுல்லா பாய் அதைப் பாதியில் விழுங்கினார்.

"இன்னா மாமு நடக்குது?" என்றான் ஜெயவேல், உதடு அசையாமல்.

"டாக்டரம்மா போலக் கீது. ஸ்டெதஸ்கோப்ப வூட்டுல வெச்சுட்டு வந்துட்டாங்க," என்றான் பகலவன்.

அவர் பெயர் ஃப்ளோரன்ஸ். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேல் காதில் கருவி மாட்டியிருந்து ஓய்வு பெற்றவர். டிகாக்ஷன் இறங்குகிற சத்தத்திலேயே பொடியை அழுத்தினது சரியா, தப்பா என்று தெரியுமாம். அதனால் இறங்கி முடியும் வரை வட்டத்தில் யாரும் பேசக்கூடாது. இதை அவர் பேச்சு அனுமதிக்கப்பட்ட பிறகு விளக்கினார். பகலவன் அந்த முப்பது வருஷமும் பேசிய ஜனங்களுக்காக மனதுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டான்.

வழுக்கைத் தலைக்காரர் மனோகரன், வார்ப்படத் தொழிற்சாலையில் ஃபோர்மன், திருவொற்றியூர்க்காரர். தினம் மொட்டை மாடியில் இரும்பு வாணலியில் கொட்டை வறுக்கிறவர். அவர் தெருவைச் சுற்றி ஆறு புகைக்கூண்டுகள் உண்டு. அவற்றைப் பற்றி யாரும் எங்கேயும் மனு கொடுத்ததில்லை. மனோகரன் வாணலியைப் பற்றிக் கொடுத்திருந்தார்கள்.

பேச்சு அனுமதிக்கப்பட்டதும் புதியவர்களின் கதி இன்னும் மோசமானது.

"சிக்கரி கொஞ்சமாவது போடணும் தம்பி. இல்லன்னா காப்பிக்கு உடம்பே இருக்காது," என்றார் மனோகரன்.

"உடம்பு வேணும்னா களி கிண்டித் துன்னுங்க," என்றார் அத்தாவுல்லா பாய். "சிக்கரிங்கறது கெழங்கு. கெழங்க வறுத்துக் குடிக்கிறவன்கிட்ட எனக்குப் பேச்சில்ல."

"பேச்சில்லாமதான் பத்து வருசமாப் பேசிகினு இருக்காரு," என்று மனோகரன் புதியவர்களிடம் சொன்னார்.

"கொதிக்கிற தண்ணிய அப்படியே ஊத்தணும்," என்றார் மனோகரன்.

"ஊத்துனா கருகிடும். இறக்கி வெச்சு, மூச்சு விட்டு, அப்புறம்," என்றார் பாய்.

"யாரு மூச்சு விடணும் பாய்?" என்றான் ஜெயவேல். அவன் உண்மையாகவே கேட்டான்.

ஃப்ளோரன்ஸ் அம்மா மட்டும் குடத்தின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "தம்பிகளா, இவங்க சொல்றது எதையும் கேக்காதீங்க. நான் சொல்றதையும் கேக்காதீங்க. பொடி எந்தக் கடையிலயும் கிடைக்கும்ப்பா. தண்ணி உங்க வீட்டுலதானே கிடைக்கும்? அதுகிட்ட கேட்டுக்கலாம்."

தண்ணியிடம் கேட்கப் போகிறார்கள். பகலவன் ஜெயவேலின் விலாவில் இடித்தான். சாயங்காலம் முழுக்க அந்தக் குடத்துத் தண்ணியைக் காய்ச்சினார்கள், ஊற்றினார்கள், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள், குடித்தார்கள், சண்டை போட்டார்கள். கடைசியில் சிக்கரி இல்லாத பொடிதான் இதற்குப் பொருத்தம் என்று பாய் கட்சி ஜெயித்தது. அதைக் குடித்த ஜெயவேல் டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"இது என் வூட்டுத் தண்ணியா?" என்று கேட்டான். "நம்ம தண்ணி இம்மாம் நல்ல தண்ணியா?"

"எண்ணூர்ல இப்படியா?" என்று ஃப்ளோரன்ஸ் அம்மாவும் ஆச்சரியப்பட்டார்.

பகலவன் சன்னல் வழியாக மாதா கோயில் கோபுரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை ஜெயவேல் ஊசி நூலை வெளியே எடுத்துவிட்டு ஃபில்டரைத் துலக்கினான். பொடியை அளந்தான், தண்ணியைக் கொதிக்கவிட்டான், இறக்கி வைத்தான், மூச்சு விட்டான். டிகாக்ஷன் இறங்கும்போது நீலாவை வாயைத் திறக்கவிடவில்லை. பக்கத்து வீட்டில் யார் தவறிப்போனார்கள் என்று நீலா சைகையில் கேட்டாள். பாக்கெட் பால் காய்ந்தது. டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவள் முகத்துக்கு நேரே நின்றான்.

ஒரு வாய். டம்ளர் கீழே.

"நல்லாத்தான் இருக்கு."

செவ்வாய்க்கிழமையும் போட்டான். புதன்கிழமை இரண்டு தடவை. அவனே குடித்துப் பார்த்தான். கடலில் தவறி விழும்போது வாய்க்குள் போகுமே, அதுதான், சூடாக. வியாழக்கிழமை பகலவன் வந்தபோது ஜெயவேல் வாசலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு, பின்னாமல் உட்கார்ந்திருந்தான்.

"அதே தண்ணி, அதே பொடி. அங்க சோக்கா வந்துச்சு, நீயும் பாத்த. இங்க வர மாட்டேங்குது. என் கைதான் சரியில்ல மாமு. சில பேரு கையி அப்படி."

"கையில இன்னாடா கீது? கையி கைதான்," என்றான் பகலவன். குரலில் வழக்கமான ஆணித்தரம் ஏனோ வரவில்லை.

"அவ பையி எடுத்து வெச்சுட்டா. அடுத்த புதன்கெழம மச்சான் வந்து கூட்டிகினு போறான்." வலையின் ஒரு கண்ணுக்குள் விரலை விட்டு எடுத்தான். "பையி சின்னதாத்தான் கீது. அதான் கொஞ்சம் தெம்பு. ஆனா அங்க துணியெல்லாம் ஏற்கெனவே இருக்கும்ல? எப்படிப் பாக்குறதுன்னே தெரில."

பகலவன் தண்ணி குடிக்கிற சாக்கில் உள்ளே போனான். நீலா தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். டிரம்மிலிருந்து ஒரு சொம்பு மொண்டு குடித்தான். யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அவன் வெறும் தண்ணி குடித்ததே இல்லை. வந்தால் டீக்கடைதான். வாயில் இருந்ததை விழுங்குவதா, துப்புவதா என்று ஓர் அறிவியல் கேள்வி எழுந்தது. விழுங்கினான். ஹைட்ரஜன் இருந்தது, ஆக்ஸிஜன் இருந்தது. கூடவே உப்பும், துருவும், லாரிக் குழாயின் ரப்பரும், என்னவென்று அவன் சிலபஸில் வராத வேறொன்றும் இருந்தது.

"தண்ணி கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும் தம்பி. பழகிடும்," என்றாள் நீலா.

"பழகிடுச்சா சிஸ்டர்?"

அவள் அரிசியைக் கையால் அளைந்துகொண்டே இருந்தாள். "அதான் தெரியல. ஊருக்குப் போய்ட்டு வந்தாத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெயவேல் படகு இன்ஜின் வேலையாக இருந்தான். பகலவன் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நீலாவிடம் கேட்டு, அதே பச்சைக் குடத்தில் டிரம் தண்ணியை மொண்டுகொண்டு கிளம்பினான். லைப்ரரிக்கு எதற்குக் குடம் என்று அவள் கேட்கவில்லை. இந்த வீட்டு ஆண்கள் விஷயத்தில் கேட்பதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

ரயிலில் குடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். சட்டை நனைந்தது. எதிர் சீட்டில் ஒரு கூடைக்கார அம்மா. அதே அம்மாவா, வேறொருத்தியா என்று பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

"இன்னா நைனா, கோயில் தீர்த்தமா?"

"ஆமாங்க," என்றான் பகலவன்.

கொருக்குப்பேட்டையில் எழுந்து நின்றுகொண்டான்.

மாடியில் மூன்று பேரும் இருந்தார்கள். அவன் குடத்தை மேசை மேல் வைத்தான். "நெட்டுக்குப்பத்துத் தண்ணி," என்றான்.

"போன வாரம் கொண்டாந்தது?" என்றார் ஃப்ளோரன்ஸ் அம்மா.

"அது வேற தண்ணிங்க."

அந்த அம்மா அவன் ஈரச் சட்டையைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை. அத்தாவுல்லா பாய் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுக்கொண்டு, பால்கனிக்குப் போய், யாரும் கீழே இல்லை என்று பார்த்துவிட்டுத் துப்பினார்.

"இதையா குடிக்கிறாங்க?"

"குடிக்கிறாங்க பாய்."

அதற்குப் பிறகு அங்கே நடந்தது பகலவனுக்குப் பாதிதான் விளங்கியது. பொடியைக் கூட்டினார்கள், கசந்தது. குறைத்தார்கள், உப்பு மேலே வந்தது. காய்ச்சி ஆறவைத்து மறுபடி காய்ச்சச் சொன்னார் பாய். அப்படிச் செய்தால் உப்பு இன்னும் ஏறாதா என்றான் வேதியியல் மாணவன். ஏறும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு, அப்படியே செய்து பார்த்தார்கள், ஏறியிருந்தது. நான்காவது ஃபில்டரும் தோற்றது. இறங்குவதற்கு எதுவும் இல்லாதபோதும் யாரும் பேசவில்லை.

பாய் தரையைப் பார்த்துக்கொண்டு, "மனோகரா," என்றார்.

"சொல்லுங்க பாய்."

"அந்தக் கெழங்கு கொண்டாந்திருக்கியா?"

மனோகரன் பையைத் திறந்தார். பத்து வருஷத்துச் சந்தோஷத்தில் அவர் கொட்டியது எந்தக் கணக்கிலும் சேராத அளவு. ஐந்தாவது ஃபில்டர் இறங்கியது. ஃப்ளோரன்ஸ் அம்மா காதை வைத்து, நிமிர்ந்து, ஒரு டம்ளர் கலந்து நீட்டினார். அது அருமையான காப்பி அல்ல. ராயபுரத்துக் குழாய்த் தண்ணியில் போன வாரம் வந்ததற்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் உப்பு எங்கேயோ உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வெல்லப்பாகு போல ஒரு கனம் முன்னால் வந்தது. பகலவன் அடி வரைக்கும் குடித்துவிட்டு, அப்புறம்தான் தான் குடித்ததைக் கவனித்தான்.

"ஏன் இது மட்டும் வந்துச்சு?" என்று கேட்டான்.

மூவரும் மூன்று காரணம் சொன்னார்கள். ஒன்று கூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பகலவன் பொடிப் பொட்டலத்தோடு நெட்டுக்குப்பம் வந்தான். நீலாவின் பை வாசலோரம் தயாராக இருந்தது. பொட்டலத்தில் கிழங்கு தூக்கலாக இருப்பதாகவும், இனி மூச்சு விட வேண்டாம், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் போதும் என்றும் சொன்னான். ஏன் எல்லாம் மாறியது என்று ஜெயவேல் கேட்டான். வட்டத்தில் கட்சி மாறிவிட்டது என்றான் பகலவன். போன வாரக் குடத்தைப் பற்றியும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தண்ணி கொதித்துவிட்டது.

ஜெயவேல் கலந்து கொடுத்துவிட்டு, வழக்கம்போல முகத்துக்கு நேரே நின்றான். பகலவனும் பக்கத்தில் போய் நின்றான்.

நீலா டம்ளரைப் பிடித்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள். "ஒரு மாசமா இப்படித்தான். பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரி நின்னா எப்படிங்க குடிக்கிறது? ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினார்கள். எதிரே முகத்துவாரம், அதற்கு அப்பால் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுகள். ஒரு படகு உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜெயவேல் அதையே பார்த்தான். யார் படகு என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். முதுகுக்குப் பின்னால் ஒரு உறிஞ்சல் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. டம்ளர் கீழே வைக்கிற சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. இன்னொரு உறிஞ்சல். இன்னொன்று. கடைசியில் டம்ளர் தரையில் பட்டது. வெற்று டம்ளரின் கணீர் அது.

"எங்க ஊருக் காப்பி மாதிரி இல்ல," என்றாள் நீலா. கொஞ்சம் யோசித்தாள். "இது வேற என்னமோ. இன்னும் இருக்கா?"

ஜெயவேல் திரும்பினான். அவனுக்குச் சிரிப்பா, அழுகையா என்று முடிவாகவில்லை. இருக்கிறதா என்று பகலவனைப் பார்த்தான். இரண்டாம் தண்ணி ஊற்றிய ஃபில்டர் மேடை மேல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமு, ஆவணியில இவ வந்ததும்..." என்று ஜெயவேல் ஆரம்பித்தான்.

பகலவன் ஃபில்டரின் பக்கத்தில் குனிந்து, காதை வைத்து, ஒரு விரலை உயர்த்தினான்.